பிரிட்டிஷ் தொடர் பாக்குறவங்க யாராவது இருக்கீங்களா? (ஆறே எபிசோடுல கடையைச் சாத்துற கோஷ்டி பத்தி)

ரிமோட்ராஜா:
மக்களே, இத்தனை நாளா அமெரிக்கத் தொடராவே பாத்துக்கிட்டு இருந்தவன் நான். மூணு சீசன் வரைக்கும் பிரமாதமா போகும். நாலாவதுல செத்தவன் திரும்பி வருவான், அஞ்சாவதுல அவன் தம்பி வருவான். வெறுத்துப்போய் இந்தப் பக்கம் ஒதுங்கினேன். 'ஹேப்பி வேலி'ன்னு ஒரு போலீஸ் தொடர் முடிச்சாச்சு. மொத்தமே 18 எபிசோட். 2014ல ஆறு, 2016ல ஆறு, அப்புறம் ஏழு வருஷம் சத்தமே இல்ல, 2023ல கடைசி ஆறு. ஏன் இவ்ளோ இடைவெளின்னு தேடினா, கதையில வர்ற போலீஸ்காரம்மாவோட பேரப்பையன் வளர்ந்து, தன் அப்பனைப் பத்தித் தானே முடிவெடுக்குற வயசுக்கு வரட்டும்னு எழுதின சாலி வெயின்ரைட் காத்திருந்திருக்காங்க. முதல் சீசன்ல நண்டா இருந்த அதே பையன்தான் கடைசி சீசன்ல கதவு உசரத்துக்கு வந்து நிக்கிறான். நம்மூரா இருந்தா "எட்டு வருடங்களுக்குப் பிறகு"ன்னு ஒரு கார்டைப் போட்டு வேற ஆளை இறக்கியிருப்பாங்க.

முதல் காட்சியே போதும். விளையாட்டுத் திடல்ல ஒருத்தன் மேலெல்லாம் பெட்ரோலை ஊத்திக்கிட்டு லைட்டரோட நிக்கிறான். போலீஸ் சார்ஜென்ட் கேத்தரின் பக்கத்துக் கடையில புகுந்து ஒரு தீயணைப்பு சிலிண்டரும் கூலிங் கிளாஸும் எடுத்துக்கிட்டு வருது. அவன்கிட்டப் பேச்சுக் குடுக்குற சாக்குல தன் வயசு, விவாகரத்து, போதைப் பழக்கத்துலருந்து மீண்ட தங்கச்சி, செத்துப்போன பொண்ணு, பேசாத பையன் எல்லாத்தையும் மூச்சு விடாம ஒப்பிக்குது. ரெண்டே நிமிஷம், மொத்தக் குடும்ப வரலாறும் முடிஞ்சுது. கேத்தரினா வர்றது சாரா லங்காஷயர்னு ஒரு நடிகை. அந்தம்மா மூஞ்சில மேக்கப்புன்னு ஒண்ணு இருந்த மாதிரியே தெரியல.

ஒரே குறை, அந்த வட இங்கிலாந்து யார்க்‌ஷயர் பேச்சு ஒரு இழவும் புரியல. சப்டைட்டில் இல்லாட்டி செத்தேன். இதே ரகத்துல அடுத்து என்ன பாக்கலாம்? பெரியவங்க, சின்னவங்க எல்லாரும் சொல்லுங்க.

ஓய்வு_தாசில்தார்:
தம்பி, நீங்கள் கொலை, போலீஸ் என்று போகிறீர்கள். என் கட்சி வேறு. 'யெஸ் மினிஸ்டர்', 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' இரண்டும்தான் எனக்கு வேதம். 1980இல் தொடங்கி 1988இல் முடிந்தது. அமைச்சராக பால் எடிங்டன், செயலாளர் சர் ஹம்ப்ரியாக நைஜல் ஹாதார்ன். அந்நாளில் மார்கரெட் தாட்சரே அதன் ரசிகை.

ஒரு மருத்துவமனைக் கதை உண்டு. புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரி. கட்டில் இருக்கிறது, உபகரணம் இருக்கிறது, ஐந்நூறு ஊழியர்கள் இருக்கிறார்கள். டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, ஒரு நோயாளிகூட இல்லை. பதினைந்து மாதமாக இப்படியே ஓடுகிறது. ஊழியர்களுக்கு வேலை என்னவென்றால், ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வது. அமைச்சர் அதிர்ந்து போய்க் கேட்டால், நாட்டிலேயே மிகச் சிறப்பாக நிர்வகிக்கப்படும் மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று, சுகாதாரத்துக்கான விருதுக்கே பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வருகிறது. நோயாளி வந்தால்தானே அழுக்காகும்!

முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு தள்ளியவன் நான். "தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது" என்ற வாக்கியத்தை எத்தனை ஆயிரம் முறை கையெழுத்திட்டு அனுப்பியிருப்பேனோ. ஹம்ப்ரி பேசும் நீளமான வாக்கியங்களைக் கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அலுவலக ஞாபகம் வந்து வயிற்றைப் பிசையும். நமக்கு அந்த நிர்வாகத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனவர்களே அவர்கள்தானே. 2001இல் இதை 'ஜீ மந்த்ரிஜி' என்று இந்தியில் எடுத்தார்கள், ஃபாரூக் ஷேக் அமைச்சர். பெரிதாக மாற்ற வேண்டிய தேவையே இருந்திருக்காது.

வெம்பிளிக்காரி:
தம்பி ராஜா, யோர்க்‌ஷயர் ஆக்கள் கதைக்கிறது லண்டனில இருக்கிற எங்களுக்கே விளங்காது. என்ர மனுசன் இஞ்ச பிறந்து வளந்த பிள்ளையளிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் பாப்பார். அவையும் சப்ரைட்டில் போட்டுத்தான் பாக்கினம். வெக்கப்பட ஒண்டுமில்லை.

நீங்கள் அங்க இருந்து 'பிரிட்டிஷ் தொடர்' எண்டு தேடித் தேடி நல்லதா எடுத்துப் பாக்கிறியள். இஞ்ச சனம் பாக்கிறது வேற. வந்த புதுசில எனக்கு இங்கிலீசு பழக்கினது 'ஈஸ்ட்எண்டர்ஸ்'தான். 1985இல தொடங்கினது, இண்டைக்கும் போகுது. ஒரு சதுக்கம், ஒரு பப், ஒரு சந்தை. எந்த வீட்டிலயும் சந்தோசம் இல்லை. கத்திக்கொண்டே இருப்பினம். நத்தார் (கிறிஸ்மஸ்) எண்டால் கட்டாயம் ஒருத்தர் சாகோணும், இல்லாட்டிக் கலியாணம் குழம்போணும். முடியிற நேரம் 'டுஃப் டுஃப்' எண்டு மேளம் அடிக்க, மூஞ்சையைக் கிட்டத்தில காட்டுவினம். அம்மா பாத்திட்டு "எங்கட சீரியல் மாதிரித்தானே இருக்கு, சீலை மட்டும் இல்லை" எண்டவ.

பிறகு காசு விசயம். ஊரில இருக்கிற ஆக்களுக்கு இது தெரியாது. இஞ்ச ரீவி பாக்க லைசன்ஸ் எடுக்கோணும். 2025 ஏப்பிரலில இருந்து ஒரு வருசத்துக்கு 174.50 பவுண்ஸா இருந்தது. கறுப்பு வெள்ளை ரீவி வச்சிருக்கிறவைக்கு அப்ப 58.50. சிரிக்காதேங்கோ, இன்னும் ஆக்கள் அதை எடுக்கினம். எந்தச் சனலை நேரலையாப் பாத்தாலும், பிபிசியின்ர ஐபிளேயரைத் திறந்தாலும் லைசன்ஸ் வேணும். நெற்ஃப்ளிக்ஸ் மட்டும், அதுவும் நேரலை இல்லாமப் பாத்தால் தேவையில்லை. எங்கட ஆக்களில கனபேர் தமிழ்ச் சனல்தான் பாக்கினம், ஆனா அதை நேரலையாப் பாத்தாலும் கட்டத்தான் வேணும். வீட்டுக்குக் கடிதம் வாற வடிவைப் பாத்தால் கொலைக்குற்றம் செய்த மாதிரி இருக்கும். அந்தக் காசில பிபிசிக்கு விளம்பரம் இல்லை. அது ஒண்டுதான் நிம்மதி.

பின்பெஞ்ச்:
எல்லாரும் எங்க அப்பா வயசு தொடரா சொல்றீங்க 😄 பின்னாடி கூட்டமா சிரிக்கிற சத்தம் வந்தாலே நான் மூடிடுவேன். எங்க சிரிக்கணும்னு எனக்குத் தெரியாதா?

எனக்கு 'அடலசன்ஸ்'. 2025 மார்ச்ல வந்துச்சு, நாலே எபிசோட். ஒவ்வொண்ணும் ஒரே ஷாட், நடுவுல வெட்டே இல்ல. காலைல போலீஸ் கதவை உடைச்சு உள்ள போறதுலருந்து ஸ்டேஷன்ல கொலை வழக்குல பிடிபட்ட 13 வயசுப் பையன் உக்காந்து அழுறது வரைக்கும் கேமரா நிக்காமப் போகுது. ரெண்டாவது எபிசோட் ஸ்கூல்ல. கடைசில கேமராவை ட்ரோன்ல மாட்டி, ஊருக்கு மேல பறக்கவிட்டு, கொலை நடந்த இடத்துல கொண்டுபோய் இறக்குறாங்க. ஒரு ஆள் வசனத்தைத் தப்பா சொன்னா மறுபடி முதல்லருந்து ஒரு மணி நேரமும் எடுக்கணும். மூணாவது எபிசோட் பெரும்பாலும் ஒரே ரூம், பையனும் ஒரு சைக்காலஜிஸ்டும்தான். அந்தப் பையன் ஓவன் கூப்பருக்கு அதான் முதல் நடிப்பே. எம்மி விருது வாங்கிட்டான்.

ராஜா அண்ணே, நீங்க அடுத்து அதைப் பாருங்க. அப்புறம் 'ஸ்லோ ஹார்சஸ்'. கேரி ஓல்ட்மேன் ஓட்டை சாக்ஸ் போட்டுக்கிட்டு உளவுத்துறையில உக்காந்திருப்பாரு.

ரிமோட்ராஜா:
தாசில்தார் ஐயா, ஆஸ்பத்திரி கதைக்கே டிக்கெட் எடுத்துட்டேன். வெம்பிளி அக்கா, கறுப்பு வெள்ளைக்குத் தனி லைசன்ஸா? பின்பெஞ்ச் தம்பி, அடலசன்ஸ் ரெண்டாவது எபிசோடோட நிறுத்தி வச்சிருக்கேன். வீட்ல அந்த வயசுல ஒண்ணு இருக்கு. ராத்திரி தூக்கம் வரல.

ட்ரான்ஸ்ஃபார்மர்:
நான் தொடர் அதிகம் பாக்கறதில்லைங்க. மின்வாரியத்துல வேலை. ஆனா இந்த ஈஸ்ட்எண்டர்ஸ் பேச்சு வந்ததால சொல்றேன், எங்க துறையில அது ரொம்பப் பிரபலமான உதாரணம்.

அங்க ஒரு தொடர் முடிஞ்ச உடனே லட்சக்கணக்கான வீட்ல ஒரே நேரத்துல எந்திரிச்சுப் போய் டீக்கு கெட்டில் போடுவாங்க. ஒரு கெட்டில் ரெண்டு மூணு கிலோவாட் இழுக்கும். எல்லாம் ஒரே நிமிஷத்துல விழுந்தா லோடு கன்னாபின்னான்னு ஏறும், ஃப்ரீக்வன்சி இறங்கிடும். அதனால அப்பெல்லாம் நேஷனல் கிரிட்னு மின்கட்டமைப்பைப் பாத்துக்கற நிறுவனத்தோட கட்டுப்பாட்டு அறையில டிவி நிகழ்ச்சி நிரலைக் கையில வச்சுக்கிட்டு, எந்தத் தொடர் எத்தனை மணிக்கு முடியுதுன்னு பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பெரிய சாதனை தொடருக்கில்ல, 1990 கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதிக்கு. இங்கிலாந்து மேற்கு ஜெர்மனிகிட்ட பெனால்டியில தோத்த உடனே 2,800 மெகாவாட் ஏறுச்சு. தோத்த சோகத்துக்கு டீ.

இதைச் சமாளிக்கறதுக்கும் சேத்துத்தான் வேல்ஸ்ல டினார்விக்னு மலைக்குள்ள குடைஞ்சு ஒரு நீரேற்று மின் நிலையம் வச்சிருக்காங்க. மேல் அணைத் தண்ணியைத் திறந்தா சில விநாடிலயே ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல வந்துரும். நம்ம கோவை மாவட்டத்துல இருக்கற காடம்பாறையும் இதே ரகம்தான், 400 மெகாவாட். ஆனா நம்ம சீரியல் முடிஞ்சா லோடு ஏறாதுங்க. ஒரு சீரியல் முடிஞ்சா அடுத்தது ஆரம்பிச்சுருது, எந்திரிக்கவே விடமாட்டாங்க.

கொக்குவில்_பொடியன்:
வெம்பிளி அக்கா, பழைய ஆக்கள் எண்டால் 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' சொல்லாம விட்டிட்டியளே! ரூபவாஹினியில போன காலத்தில அடுத்த வீட்டு ரீவிக்கு முன்னால ஒழுங்கையில உள்ள சனம் முழுக்க இருக்கும். இங்கிலீசு படிக்க வந்த வெளிநாட்டு ஆக்கள், ஒரு பாவப்பட்ட வாத்தியார் ஜெரமி பிரௌன். இங்கிலீசு தெரியாத ஆக்கள் இங்கிலீசு தெரியாத ஆக்களைப் பாத்துச் சிரிச்சது. எங்களுக்கு அது வடிவா விளங்கினது, ஏனெண்டால் அந்த வகுப்பில நாங்களும் இருந்தம்.

அதில சீக்கியர் ரஞ்சித் சிங்கா வாறவர் இருக்கிறாரெல்லோ, தலைப்பாகையோட கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பாரே? அவர் சீக்கியரே இல்லை. அல்பேர்ட் மோசஸ், எங்கட கம்பளையில பிறந்தவர். 2017இல காலமானார். இந்தத் தகவலை நான் எங்க போனாலும் சொல்லுவன். சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டினம்.

மூண்டு சீசனோட 1979இல நிப்பாட்டிப் போட்டினம். பாக்க ஆள் இல்லாமல் இல்லை. அதை எடுத்த பிரிட்டிஷ் சனலின்ர மேலதிகாரி மைக்கேல் கிரேட், வெளிநாட்டு ஆக்களை இப்பிடிக் காட்டுறது சரியில்லை எண்டு நிப்பாட்டினவர். எங்களுக்கு அப்ப அது தெரியாது. தெரிஞ்சிருந்தால் கோவம்தான் வந்திருக்கும், சிரிக்க விடுறாங்களில்லை எண்டு.

டீக்கடை_பெஞ்ச்:
கொக்குவில் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. கிரேட் செஞ்சதுதான் சரி. அந்தத் தொடரை இப்பப் போட்டுப் பாருங்க. ஜப்பான்காரன்னா குனிஞ்சு கும்பிடுவான், பிரெஞ்சுக்காரின்னா வாத்தியார் மேல விழுவா, இந்தியப் பொம்பளைன்னா வகுப்புல பின்னிக்கிட்டு உக்காந்திருப்பா. ஒவ்வொருத்தருக்கும் ஒரே ஒரு குணம், அதையே எபிசோடுக்கு எபிசோடு திருப்பித் திருப்பி அடிக்கிறாங்க. நாம சிரிச்சோம்ங்கறதுக்காக அது நல்ல சிரிப்பு ஆயிடுமா? அங்க ஸ்கூல் போன நம்ம பிள்ளைங்களை அதே குரல்ல கிண்டல் பண்ணியிருப்பாங்கல்ல?

பொதுவாவே இந்த இழையில எல்லாரும் பிரிட்டிஷ்னா உசத்தின்னு பேசறது எனக்கு ஒட்டல. 'டவுன்டன் அப்பி' எடுத்துக்கோங்க. 2010லருந்து 2015 வரைக்கும் ஆறு சீசன். எல்லாம் அழகு. வெள்ளிக் கரண்டியைத் துடைக்கறதையே அஞ்சு நிமிஷம் காட்டுவாங்க. எஜமானர் நல்லவர், வேலைக்காரங்க விசுவாசிங்க, மேகி ஸ்மித் பாட்டி குத்திக் குத்திப் பேசும். இவ்ளோ பெரிய வீட்டுக்கு எங்கருந்து காசு வந்துச்சுன்னா, கல்யாணம் பண்ணின அமெரிக்கப் பொண்ணோட சீதனமாம். அதோட விட்டாங்க. அந்தக் காலத்துல நம்ம பக்கம்லாம் கப்பல் ஏறிப் போனது கணக்கிலேயே வராது. அவங்க படம் பிடிச்ச ஹைக்ளியர் கோட்டையோட நிஜக் கதை இதைவிடச் சுவாரசியம்: எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையைத் தோண்டக் காசு போட்ட கார்னார்வன் பிரபுவோட வீடுதான் அது. அவரும் ராத்ஸ்சைல்டுங்கற வங்கிக் குடும்பத்துப் பணத்தோட வந்த பொண்ணைத்தான் கட்டினாரு.

நம்மளைக் காட்டினாலும் அப்படித்தான். 'தி குட் கர்மா ஹாஸ்பிட்டல்'னு ஒண்ணு வந்துச்சு. தென்னிந்தியாவுல நடக்கற கதை, ஆனா படம் பிடிச்சது இலங்கையில. தென்னை மரம் இருந்தா போதும், எல்லாம் ஒண்ணுதான் அவங்களுக்கு.

வெம்பிளிக்காரி:
பெஞ்ச் தம்பி சொல்லுறதில நியாயம் இருக்கு. ஆனா அதுக்குப் பதில் அடி இஞ்ச இருந்தே வந்தது. 1998இல 'குட்னஸ் கிரேசியஸ் மீ' எண்டு பிபிசியில வந்ததைப் பாருங்கோ. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சயல், இன்னும் ரெண்டு பேர். எல்லாம் எங்கட பக்கத்து ஆக்களே எழுதி நடிச்சது. அதில ஒரு துண்டு: குடிச்சுப்போட்டு ஒரு கூட்டம் பம்பாயில இங்கிலீசுச் சாப்பாட்டுக் கடைக்குள்ள வருது. வெள்ளைக்காரச் சேர்வரின்ர பேரைக் கடிச்சுத் துப்பினம். "இருக்கிறதுக்குள்ள உறைப்பே இல்லாதது என்ன?" எண்டு வீரம் கதைச்சு ஓடர் குடுக்கினம். வெள்ளிக்கிழமை இரவு இஞ்சத்தைய இந்தியன் ரெஸ்ரோரண்டில நிண்டு வேலை செய்த எங்கட பெடியளைக் கேளுங்கோ, அந்தத் துண்டை மனப்பாடமாச் சொல்லுவாங்கள். ஒவ்வொரு கிழமையும் பட்டதை அப்பிடியே திருப்பிப் போட்டுக் காட்டினது.

இப்ப ரொமேஷ் ரங்கநாதன் எண்ட நகைச்சுவைக்காரர் இருக்கிறார். தாய் தேப்பன் இலங்கையில இருந்து வந்த தமிழர். முந்திக் கணக்கு வாத்தியார். 2015இல 'ஏசியன் ப்ரொவோகேற்றர்' எண்டு, தாயின்ர ஆக்கினையில இலங்கைக்குப் போய்ச் சொந்தங்களிட்ட அகப்பட்டு முழிக்கிறதைத் தொடரா எடுத்தவர். எங்கட வீட்டில அவரைவிட அவற்ற அம்மாவுக்குத்தான் ரசிகர் கூட.

கோட்நெய்பவள்:
இவ்ளோ பேசியும் ஒருத்தரும் 'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்' சொல்லலையே. நான் பெங்களூர்ல சப்போர்ட் டீம்ல இருக்கேன். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் கட்டாயமா போட்டுக் காட்டணும்னு சொல்லிட்டு இருக்கேன்.

நடந்த கதை. அங்க கிராமத்துத் தபால் நிலையங்களைக் கடைக்காரங்களே ஒப்பந்தத்துல நடத்துவாங்க. 1999லருந்து ஃபுஜிட்சு செஞ்ச ஹொரைசன்னு ஒரு கணக்கு மென்பொருள் அவங்களுக்குக் குடுக்கப்பட்டுச்சு. அதுல பிழை. இல்லாத பணத்தை இருக்குன்னு காட்டும், அப்புறம் காணோம்னு சொல்லும். காணாத பணத்தை நீதான் கட்டணும்னு ஒப்பந்தம். கட்டினாங்க, வீட்டை அடமானம் வச்சுக் கட்டினாங்க. முடியாதவங்க மேல திருட்டு வழக்கு. 900 பேருக்கு மேல தண்டனை. அதுல நம்ம தெற்காசியக் குடும்பங்கள் நிறைய. கர்ப்பிணியா இருந்த ஒரு இந்திய வம்சாவளிப் பெண் 2010ல ஜெயிலுக்குப் போனாங்க, தீர்ப்பு ரத்தானது 2021ல. ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணின பலபேர்கிட்ட சொன்ன பதில் என்ன தெரியுமா? "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை."

தொடர்ல ஒரு காட்சி வரும். ஜோ ஹாமில்டன்னு ஒரு அம்மா, சின்ன கிராமத்துக் கடை. ராத்திரி கணக்கு முடிக்கும்போது ரெண்டாயிரம் பவுண்டு உதைக்குது. போனைக் கழுத்துல இடுக்கிக்கிட்டு ஹெல்ப்லைன் பொண்ணு சொல்ற பட்டனை ஒவ்வொண்ணா அமுக்குறாங்க. அமுக்கி முடிக்கும்போது திரையில அந்தத் தொகை ரெட்டிப்பா ஆயிருக்கு. "ஐயோ, என் கண்ணு முன்னாடியே ஏறுது"ன்னு அந்தம்மா பதறும்போது மறுமுனையில அமைதி. இசை கிடையாது, கேமரா ஆட்டம் கிடையாது. பழைய கம்ப்யூட்டர் திரையில ஒரு எண். நான் பாத்த பேய்ப் படம் எதுலயும் இவ்ளோ பயந்ததில்ல. அந்த போனோட மறுமுனைல உக்காந்து வேலை பாக்கறவ நான்.

2024 ஜனவரி 1லருந்து 4 வரைக்கும் நாலு நாள், நாலு எபிசோட். பத்திரிகைகள் பல வருஷமா எழுதின விஷயம்தான், விசாரணைக் கமிஷன்கூட நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. ஆனா தொடர் வந்த ஒரே வாரத்துல, முன்னாள் தலைமை அதிகாரி அரச விருதைத் திருப்பித் தரேன்னாங்க. 10ஆம் தேதி பிரதமர் ரிஷி சுனக் நாடாளுமன்றத்துல சட்டமே கொண்டுவரோம்னு அறிவிச்சாரு. மே மாசம் சட்டம் வந்து ஒரே அடியா தண்டனைகள் ரத்து. ஒரு தொடர் இதைச் செஞ்சுச்சு. நம்மூர்ல ஒரு அரசுத் துறையோட பேரைத் தலைப்புலயே போட்டுத் தொடர் எடுக்க எந்தச் சேனலுக்காவது தைரியம் வருமா?

ஓய்வு_தாசில்தார்:
அம்மா, இதை நேற்று இரவு உட்கார்ந்து பார்த்தேன். "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்ற பதிலைப் பல பேர் கவுண்டரில் சொல்லக் கேட்டிருக்கிறேன். யெஸ் மினிஸ்டரில் சிரிக்க வைத்த அதே அதிகாரிகள்தாம் இதில் கொல்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட தபால் நிலையக்காரர் பேட்ஸாக வரும் டோபி ஜோன்ஸ் ஒரு இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. கோப்பைத் தேதி வாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு, கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதிக்கொண்டே இருக்கிறார். நம் படமாக இருந்தால் அமைச்சரின் சட்டையைப் பிடித்திருப்பார். மனு கொடுத்து ஜெயிக்கிற கதாநாயகனை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

பின்பெஞ்ச்:
கோட் அக்கா பதிவுக்கு அப்புறம் ஜோக் அடிக்கக் கூச்சமா இருக்கு. சரி, ராஜா அண்ணன் ஆரம்பிச்ச 'ஆறு எபிசோட்' விஷயத்துக்கு வரேன். இது பெருந்தன்மை எல்லாம் இல்ல. அமெரிக்கால நூறு எபிசோடைத் தொட்டாத்தான் மறுஒளிபரப்புக்கு வித்துக் காசு பாக்க முடியும்னு ஒரு வழக்கம் இருந்துச்சு. அதுக்கு ரைட்டர்ஸ் ரூம்ல பத்துப் பேரைப் போட்டு வருஷத்துக்கு 22 எடுப்பாங்க. அங்க ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர் எழுதறது. 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12. ஜான் கிளீஸும் அவர் மனைவி கானி பூத்தும் எழுதினது. 1975ல ஆறு, 1979ல ஆறு, நடுவுல விவாகரத்தே ஆயிடுச்சு, அப்பவும் சேர்ந்தேதான் எழுதினாங்க. 'தி ஆபீஸ்' அங்க 14, அமெரிக்கால 201. மிஸ்டர் பீன் நூறு எபிசோட் இருக்கும்னு நினைச்சிருப்பீங்க. பதினஞ்சுதான்! நாமதான் அதையே திருப்பித் திருப்பிப் பாத்திருக்கோம்.

ஆனா ஆபீஸ்ல எனக்கு அமெரிக்க வெர்ஷன்தான் பிடிக்கும். திட்டாதீங்க. பிரிட்டிஷ் வெர்ஷன்ல வர்ற அந்த ஸ்லவ் ஊர் ஆபீஸ் பாத்தா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மாதிரி இருக்கு.

டீக்கடை_பெஞ்ச்:
சின்னதா எடுக்கறாங்கன்னு ஒரே பக்கமா சொல்லாதீங்கப்பா. 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர்ல ஆரம்பிச்சது, இன்னும் ஓடுது. கென் பார்லோவா முதல் எபிசோட்ல நடிச்ச வில்லியம் ரோச் பல்லு போயும் அதே பாத்திரத்துல இருக்காரு. 'மிட்சம்மர் மர்டர்ஸ்' 1997லருந்து. அந்தச் சின்னச் சின்ன கிராமத்துல விழுந்த பொணத்தை எண்ணினா ஊர்ல ஆளே மிஞ்சியிருக்கக் கூடாது. இழுக்கறதுல அவங்க நமக்கு அண்ணன். நல்லதை மட்டும் பொறுக்கி ஏற்றுமதி பண்றாங்க, அதை வச்சு நாம முடிவு கட்டறோம்.

அவங்களே மதிக்காம விட்டதும் உண்டு. 'டாக்டர் ஹூ' 1963ல ஆரம்பிச்சது இல்லையா, அறுபதுகள்ல எடுத்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட எபிசோட் இன்னிக்கு இல்லவே இல்ல. டேப் விலை அதிகம்னு பிபிசியே அழிச்சு மேல வேறதைப் பதிஞ்சுட்டாங்க. முழுசா மிச்சம் இருக்கறது, ஒளிபரப்பானப்போ டிவி முன்னாடி டேப் ரெக்கார்டரை வச்சு ரசிகர்கள் பிடிச்ச ஒலிதான். வெளிநாட்டுக்கு அனுப்பின பிரதி சிலது 2013ல நைஜீரியாலருந்து கிடைச்சுது. அவங்க பொக்கிஷத்தை நைஜீரியாக்காரங்க பத்திரமா வச்சிருந்திருக்காங்க. பிரிட்டிஷ் மியூசியம் கணக்குல இதையும் சேத்து எழுதுங்க.

ரிமோட்ராஜா:
பட்டியல் பெருசாயிடுச்சு. வீட்ல அம்மாவோட சேர்ந்து பாக்குற மாதிரி, ரத்தம் கம்மியா, கெட்ட வார்த்தை இல்லாம ஏதாவது சொல்லுங்களேன். அவங்களுக்கு துப்பறியும் கதை பிடிக்கும்.

வெம்பிளிக்காரி:
அப்ப யோசிக்கத் தேவையில்லை, 'புவாரோ'. டேவிட் சுஷே. 1989இல துவங்கி 2013 வரைக்கும் 70 எபிசோட், அகதா கிறிஸ்டி எழுதின புவாரோக் கதை கிட்டத்தட்ட எல்லாத்தையும் ஒரே ஆள் நடிச்சு முடிச்சவர். அந்தக் குட்டிக் குட்டி நடை, மீசை, முட்டை ரெண்டும் ஒரே அளவா இல்லையெண்டால் சாப்பிட மாட்டார். அம்மாவுக்குக் கட்டாயம் பிடிக்கும். பழைய ஒரு மணித்தியாலக் கதையளில இருந்து துவங்குங்கோ, அதில பகிடி கூட. பிறகு வந்ததுகள் கொஞ்சம் இருட்டு.

'கர்ட்டன்' கடைசியாத்தான் பாக்கோணும். அதில புவாரோ செத்துப் போவார். ஆனா அதைத்தான் கடைசிச் சீசனில முதல் எடுத்தவை. சாகிற காட்சியோட தன்ர வேலை முடியக்கூடாது எண்டு சுஷே விரும்பினவர். கடைசியா எடுத்தது வேற கதை, அதுவும் கிறிஸ்டியின்ர சொந்த வீடு கிரீன்வேயில.

பின்பெஞ்ச்:
அக்கா!!! ஸ்பாய்லர்!!! நான் நாலாவது சீசன்லதான் இருக்கேன்!

கொக்குவில்_பொடியன்:
தம்பி, அந்தப் புத்தகம் வந்தது 1975இல. அப்ப நியூயோர்க் ரைம்ஸ் முதல் பக்கத்தில புவாரோவுக்கு மரண அறிவித்தலே போட்டது. நீர் பிறக்க முந்தியே பேப்பரில வந்த செத்தவீட்டை அக்கா சொல்லிப்போட்டா எண்டு கத்துறீர்.

பின்பெஞ்ச்:
அதுக்காக? மாடரேட்டர் அண்ணன் யாராவது அந்த வரியை மறைச்சு விடுங்க ப்ளீஸ். கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

டீக்கடை_பெஞ்ச்:
சொல்லவா?